முடிவு தெரிந்த பிறகும்

நேயர்களுக்கு வணக்கம். ஒரு மர்மப் படம் வெளிவந்த அன்று நாம் எல்லோரும் ஒரே வார்த்தையைத்தான் சொல்கிறோம்: "தயவு செஞ்சு முடிவைச் சொல்லிடாதீங்க." நியாயமான வேண்டுகோள். இன்றைக்கும் எந்தப் படத்தின் முடிவையும் நான் சொல்லப் போவதில்லை. ஆனால் நான் பேச வந்தது முதல் தடவையைப் பற்றி இல்லை. இரண்டாம் தடவையைப் பற்றி. கொலை செய்தது யார் என்று தெரிந்த பிறகும் ஒரு படத்தை உட்கார்ந்து பார்க்க முடிகிறதா? முடிகிறது என்றால் அதுதான் நல்ல மர்மப் படம். நாற்பது வருடமாகப் படம் பார்க்கிற எனக்கு இதைவிட நல்ல அளவுகோல் கிடைக்கவில்லை.

இதைக் கற்றுக்கொடுத்தது என் ஆயா. பெங்களூரு அல்சூரில் எங்கள் வீடு. எண்பதுகளில் வீடியோ டெக் வாடகைக்கு எடுத்து, ஒரே ராத்திரியில் மூன்று படம் போட்டுப் பார்ப்போமே, உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். பெரியப்பா பிள்ளைகள் எல்லாம் ரஜினி படம் கேட்டார்கள். ஆயா மட்டும் 'அந்த நாள்' வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். 1954ஆம் வருடப் படம். வீணை வித்துவான் எஸ். பாலசந்தர் இயக்கியது. வீணையே வாழ்க்கையாக இருந்த அந்த மனிதர் ஒரு பாட்டுக்கூட இல்லாமல் எடுத்த படம்! வந்த புதிதில் அது சரியாக ஓடவில்லை. பாட்டில்லாத தமிழ்ப் படத்துக்கு அன்றைய ஜனம் பழகியிருக்கவில்லை.

ஆயாவுக்கு அந்தப் படத்தின் மேல் தனிப் பாசம். 1942இல் ஜப்பான்காரன் வந்துவிடுவான் என்று சென்னையே காலியானபோது, மூட்டை முடிச்சோடு பெங்களூருக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட குடும்பம் எங்களுடையது. படத்தின் கதை அடுத்த வருடம், 1943 அக்டோபரில், சென்னை மேல் குண்டு விழுந்த சமயத்தில் நடக்கிறது. கொலையாகிற ராஜனாக வருபவர் சிவாஜி. ராஜன் யாரென்று நினைக்கிறீர்கள்? ஒரு ரேடியோ இன்ஜினியர். வானொலியில் இதைச் சொல்லும்போது எனக்கே உடம்பு சிலிர்க்கிறது. அவரை யார் சுட்டது என்று சி.ஐ.டி. விசாரிக்கிறார். தம்பி, தம்பி மனைவி, பக்கத்து வீட்டுக்காரர், மனைவி, இன்னொரு பெண் என்று எல்லோர் மேலும் சந்தேகம். அந்த சி.ஐ.டி.யாக நடித்தவர் ஜாவர் சீதாராமன். திரைக்கதை வசனமும் அவர்தான்.

அது அவரைக்காய் காலம். ஊறவைத்த அவரைக் கொட்டையை முறத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகப் பிதுக்கியபடி ஆயா படம் பார்க்கிறார். பிதுக்குப் பருப்பு குழம்புக்கு. தோல் ஒரு பக்கம், பருப்பு ஒரு பக்கம், விரல் நிற்காமல் ஓடுகிறது. படம் முடிந்தது. நாங்கள் "அப்பாடா, இவரா!" என்று எழுந்துவிட்டோம். மறுநாள் காலை, கேசட்டைத் திருப்பிக் கொடுக்கும் முன், ஆயா சொன்னார், "இன்னொரு தரம் போடுடா."

போட்டேன். மிச்சம் இருந்த கொட்டை மறுபடி மடிக்கு வந்தது. இந்தத் தடவை நான் படத்தையும் பார்த்தேன், ஆயா கையையும் பார்த்தேன். ஓடிக்கொண்டிருந்த விரல் ஓர் இடத்தில் சட்டென்று நின்றது. அங்கே வசனம் இல்லை, ஒரு முகம் மட்டும். கொஞ்ச நேரம் கழித்து இன்னோர் இடத்தில் நின்றது. அதே முகம். "ஏன் ஆயா?" என்று கேட்டேன். "கேள்வி கேக்குறவனைப் பாக்காதடா. பேசாம இருக்கிறவங்க என்ன பண்றாங்கன்னு பாரு" என்றார். முந்தின ராத்திரி முழுக்க நான் சி.ஐ.டி.யையே பார்த்துக்கொண்டிருந்தேன். விடை என் கண் முன்னாலேயே இருந்திருக்கிறது.

இப்போது நேயர்கள் சொல்லுங்கள், விடை தெரிந்ததால் படம் குறைந்ததா, கூடியதா? ஒவ்வொருவர் சொல்லும் கதையிலும் வேறு வேறு ராஜன் வருகிறார். எது நிஜ ராஜன் என்கிற கேள்வி இரண்டாம் தடவைதான் எழும். ராஜனுடைய மனைவி உஷாவாக வரும் பண்டரிபாய் நம் கன்னட நாட்டுக்காரர். அதே 1954இல்தான் ராஜ்குமார் கதாநாயகனாக அறிமுகமான கன்னடப் படம் 'பேடர கண்ணப்பா'விலும் அவர் கதாநாயகி. ஒரே வருடத்தில் இங்கே அப்படி, அங்கே இப்படி!

'புதிய பறவை'யையும் இப்படித்தான் சொல்வேன். 1964. "எங்கே நிம்மதி" பாட்டை எத்தனை தடவை கேட்டிருப்போம்! முடிவு தெரிந்த பிறகு ஒரு தடவை சிவாஜியின் கண்ணை மட்டும் பார்த்துக்கொண்டு கேளுங்கள். அதே வரிகள்தான், அர்த்தம் வேறு. முதல் தடவை அவருக்காக அழுதோம். இரண்டாம் தடவையும் அழுவோம், வேறு காரணத்துக்காக.

அப்புறம் நம் பெங்களூரில் நடக்கிற படம், பாலு மகேந்திராவின் 'மூடுபனி'. 1980. கொலைகாரன் யார் என்கிற ரகசியமே அதில் இல்லை. பிரதாப் போத்தன்தான் என்று நமக்குத் தெரியும். 'ஏன் இப்படி ஆனான்' என்பதுதான் படம். இளையராஜாவுக்கு அது நூறாவது படம். "என் இனிய பொன் நிலாவே" என்று அவ்வளவு மென்மையான ஒரு பாட்டை அந்தக் கதைக்குள் வைத்திருக்கிறார்கள். பாட்டுக்கு மயங்குகிறோம், பாடுகிறவன் யார் என்றும் தெரிகிறது. படம் வெளியானபோது அதன் கதாநாயகி ஷோபா உயிரோடு இல்லை. அது தெரிந்து பார்க்கும்போது அவர் சிரிக்கிற காட்சிகூட மனதைப் பிசைகிறது.

'துருவங்கள் பதினாறு' பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் காட்டுகிறார்கள், இரண்டு நிமிடம். சரி, அதன் கடைசிக் காட்சியைப் பார்த்தவுடன் முதல் காட்சியைத் திரும்பப் போடுங்கள். அது போதும்.

ஒன்றை மட்டும் விட முடியாது. 2016இல் பவன் குமார் எடுத்த கன்னடப் படம் 'யு டர்ன்'. நம் டபுள் ரோடு மேம்பாலத்தில் தடுப்புக் கல்லை நகர்த்திவிட்டு வண்டியைத் திருப்புகிறவர்கள்தான் கதையின் தொடக்கம். தினமும் ஆபீஸ் போக நான் அந்தப் பாலம் ஏறுகிறேன். படத்தை மூன்று தடவை பார்த்தாகிவிட்டது. இப்போதும் எங்காவது நடு ரோட்டில் ஒரு கல் நகர்ந்து கிடந்தால் வண்டியை ஓரமாக நிறுத்தி, இறங்கி, அதைப் பழைய இடத்தில் வைத்துவிட்டுத்தான் போகிறேன். நேரம் ஆகிவிட்டது. வணக்கம்.