கண் சிவந்த காக்கை

(பறவை பார்க்கத் தொடங்குபவர்களுக்கான கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

சில வருடங்களுக்கு முன்னால் பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவர் என்னைக் கூப்பிட்டார். "தம்பி, நம்ம மரத்துல ஒரு காக்கா உட்கார்ந்திருக்கு. கண்ணு ரெண்டும் ரத்தச் சிவப்பா இருக்கு. ஏதாவது நோயா இருக்குமோ?" என்றார். போய்ப் பார்த்தேன். காக்கைக்கு நோய் இல்லை. அது காக்கையே இல்லை, ஆண் குயில்.

அவர் நம்பவில்லை. "குயில் பழுப்பா, வெள்ளைப் புள்ளி போட்டு இருக்குமே?" என்றார். அது பெண் குயில். ஆண் குயில்தான் இப்படிக் கன்னங்கரேலென்று இருக்கும். 'குக்கூ' என்று கூவுவதும் அதுதான். பெண்ணுக்கு 'கிக் கிக் கிக்' என்று ஒரு கரகரப்பான குரல், அவ்வளவுதான். இதைச் சொன்னதும் அவர் முகம் வாடிவிட்டது. பாட்டு என்றால் பெண் குயில்தான் என்று அறுபது வருடமாக நம்பியிருந்த மனிதர்!

ஆனால் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அவர் பார்த்ததில் தவறே இல்லை. காக்கைக்குக் கண் சிவப்பாக இருக்காது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. மரத்தில் இருந்த பறவைக்குச் சிவப்பாக இருப்பதும் கண்ணில் பட்டிருக்கிறது. இன்னும் கொஞ்சம் பார்த்திருந்தால் வெளிறிய பச்சை அலகும் நீண்ட வாலும் தெரிந்திருக்கும். எங்கே சறுக்கினார் என்றால், 'காக்கை' என்று முதலிலேயே பெயர் வைத்துவிட்டார். அப்புறம் பெயருக்குப் பொருந்தாத கண்ணுக்கு ஒரு காரணம் தேடினார். நோய் கிடைத்தது.

ஒன்று போலவே இருக்கும் பறவைகளில் நாம் ஏமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். அந்தப் பெரியவரைச் சொல்லிவிட்டு என்னைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. நானும் இதையே செய்திருக்கிறேன், அதுவும் கழுத்தில் பைனாகுலரை மாட்டிக்கொண்டு.

தேன்சிட்டுகளைப் பார்த்திருப்பீர்கள். பூவுக்குப் பூ தாவும், கட்டைவிரல் அளவு உடம்புதான். தென்னிந்தியத் தோட்டங்களில் முக்கியமாக மூன்று வகை வரும். ஊதாப்பிட்டுத் தேன்சிட்டின் ஆணுக்கு மார்பில் அரக்கு நிறப் பட்டை, வயிறு மஞ்சள். ஊதாத் தேன்சிட்டின் ஆண் இனப்பெருக்கக் காலத்தில் உடம்பு முழுக்க நீலக் கறுப்பாக மின்னும். லோட்டன் தேன்சிட்டின் ஆணும் அதேபோலக் கறுப்புதான். இலங்கையில் டச்சுக்காரர்களின் ஆளுநராக இருந்த லோட்டனின் பெயர் அது. அதன் வயிறு மங்கிய பழுப்பாக இருக்கும், அலகு இன்னும் நீளமாக, அரிவாள் மாதிரி நன்றாக வளைந்திருக்கும்.

நான் தொடங்கிய புதிதில் ஒரு தேன்சிட்டைப் பார்த்தேன். மேலெல்லாம் மங்கல், கீழே மஞ்சள், தொண்டையிலிருந்து வயிறு வரை நடுவே ஒரு கறுப்புக் கோடு, அங்கங்கே திட்டுத் திட்டாகக் கறுப்பு. பெண் தேன்சிட்டு என்று முடிவு செய்தேன். கறுப்புத் திட்டுகள்? 'தோல் நோய்' என்று நோட்டில் எழுதினேன்! பரிதாபப்பட்டு இரண்டு பேருக்குக் காட்டவும் செய்தேன். அது ஊதாத் தேன்சிட்டின் ஆண். இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் மின்னும் சட்டையைக் கழற்றிவிட்டுப் பெண்ணைப் போன்ற எளிய உடுப்புக்கு மாறிவிடும். அந்த நடுக்கோடுதான் அப்போது அதன் அடையாளம். நான் நோய் என்று எழுதிய கறுப்பில்தான் அந்தப் பறவையின் பெயரே இருந்திருக்கிறது.

அதனால்தான் சொல்கிறேன், நிறத்தைக் கடைசியில் கேளுங்கள். நிறம் பருவத்துக்குப் பருவம் மாறும், ஆணுக்கும் பெண்ணுக்கும் மாறும், குஞ்சுக்கும் பெரியதுக்கும் மாறும். வெயிலை முதுகில் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் எந்தப் பறவையும் நமக்குக் கறுப்புதான். அலகு அப்படி மாறுவதில்லை. வளர்ந்த பறவையின் அலகு எந்தப் பருவத்திலும் அதே நீளம், அதே வளைவு. எந்த இரையை எப்படி எடுக்கிறது என்பதற்காக அமைந்த கருவி அது.

அளவும் உதவும், ஆனால் சென்டிமீட்டரில் யோசிக்காதீர்கள். மரத்தில் யாரும் ஸ்கேல் வைத்திருக்கவில்லை. சிட்டுக்குருவி, மைனா, காகம் மூன்றையும் அளவுகோலாக வைத்துக்கொண்டு, 'குருவியைவிடப் பெரியது, மைனாவைவிடச் சிறியது' என்று சொல்லிப் பழகுங்கள். குளிரில் சிறகை உப்பிக்கொண்டு இருந்தால் எல்லாமே குண்டாகத்தான் தெரியும். அதையும் ஞாபகத்தில் வையுங்கள்.

அப்புறம் நடை. தூரத்தில் வருகிறவர் முகம் தெரிவதற்கு முன்பே, நடையைப் பார்த்து 'நம்ம சித்தப்பா வர்றார்' என்று சொல்லிவிடுகிறோம் அல்லவா? பறவைக்கும் அது உண்டு. சிட்டுக்குருவி தத்தித் தத்திப் போகும். மைனா மனிதர் மாதிரி காலை மாற்றி மாற்றி நடக்கும். தையல்சிட்டும் சாம்பல் கதிர்க்குருவியும் புதருக்குள் ஒரே மாதிரி வாலைத் தூக்கிக்கொண்டு திரிகின்றன. ஆனால் கதிர்க்குருவி திடீரென்று பறக்கும்போது 'டிக் டிக்' என்று மின்பொறி தட்டியது போல ஒரு சத்தம் வரும். அதைக் கேட்டுவிட்டால் தையல்சிட்டின் செம்பழுப்பு உச்சந்தலையைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

கொண்டைக்குருவிகளில் பெயரே நம்மைக் குழப்பும். ஒன்றுக்குச் செம்புழைக் கொண்டைக்குருவி என்று பெயர், வாலடி சிவப்பாக இருப்பதால். செம்மீசைக் கொண்டைக்குருவிக்கும் வாலடி சிவப்புதான்! மீசையைப் பார்க்கலாமே என்றால், இளம் பறவைக்கு மீசை முளைத்திருக்காது. நான் கொண்டையைத்தான் பார்ப்பேன். செம்மீசைக்கு அது கூராக, குச்சி மாதிரி நிமிர்ந்திருக்கும். மற்றதற்கு கலைந்த தலைமுடி மாதிரி. பறந்து போய்விட்டதா? பரவாயில்லை. செம்புழைக்கு வால் தொடங்கும் இடத்துக்கு மேலே வெள்ளைத் திட்டு தெரியும்.

இதுவரை சொன்னதெல்லாம் நம் கண்ணின் அவசரத்தால் வரும் குழப்பம். நம்மை ஏமாற்றவென்றே, சரி, நம்மை இல்லை, வேறு யாரையோ ஏமாற்றவென்றே வேஷம் போடும் பறவையும் இருக்கிறது. அக்காக்குயில். சாம்பல் முதுகு, மார்பில் மங்கிய செம்பழுப்பு, வாலில் பட்டைகள். அச்சு அசல் வேட்டைப் பறவையான வல்லூறு. பறக்கும் விதமும் கிளையில் வந்து உட்காரும் விதமும்கூட அப்படியே. குஞ்சு வல்லூறுக்கு மார்பில் கோடுகள் இருந்தால், இளம் அக்காக்குயிலுக்கும் கோடுகள். அது வந்து இறங்கியதும் சின்னப் பறவைகள் அலறிப் பதறுவதைப் பார்க்கலாம். தவிட்டுக்குருவியின் கூட்டில் திருட்டுத்தனமாக முட்டையிடுகிற பறவைக்கு இந்தப் பயம் கைகொடுக்கிறது. 'காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு' என்கிறோம். அந்தப் பொன் குஞ்சுகளில் எத்தனை குயிலுடையது என்று காக்கைக்கே தெரியாது, அது வேறு கதை.

தவிட்டுக்குருவி ஏமாறலாம், நீங்கள் ஏமாற வேண்டாம். மறுபடியும் மூக்குதான். வல்லூறின் அலகு தசை கிழிக்கும் கொக்கி. அக்காக்குயிலின் அலகு ஏறக்குறைய நேரானது, புழு பொறுக்க அது போதும். கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையமும் இருக்கும். கால் தெரிந்தால் விரல்களை எண்ணுங்கள். குயில் குடும்பத்துக்கு முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. வல்லூறுக்கு முன்னால் மூன்று, பின்னால் ஒன்று. அக்காக்குயில் வாயைத் திறந்துவிட்டால் இது எதுவும் தேவையில்லை. படிப்படியாக ஏறிக்கொண்டே போய் உச்சியில் வெடிக்கும் அந்தக் கூச்சலை ஒருமுறை கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள்.

வட அமெரிக்காவில் டௌனி, ஹேரி என்று இரண்டு மரங்கொத்திகள் உண்டு. இரண்டும் கறுப்பு வெள்ளை, ஆண்களுக்குப் பின்தலையில் சிவப்பு. பார்த்தால் ஒட்டிப் பிறந்தவை என்பீர்கள். மரபணுவைப் பார்த்தால் நெருங்கிய சொந்தமே இல்லை. அங்கேயும் கேட்க வேண்டியது மூக்கைத்தான். ஹேரிக்கு அலகு ஏறக்குறைய தலையின் நீளம், டௌனிக்குத் தலையின் நீளத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு.

குரல் என்று சொன்னேன் இல்லையா? இங்கிலாந்தில் கில்பர்ட் வைட் என்று ஒரு பாதிரியார் இருந்தார். ஒரே பறவை என்று நினைக்கப்பட்ட சின்னக் கதிர்க்குருவிகள் உண்மையில் மூன்று வகை என்று 1768-இல் கடிதம் எழுதினார். முக்கியத் துப்பு, அவை பாடிய மூன்று வேறு பாட்டுகள். பைனாகுலர் இல்லாத காலம். காதை நம்பியிருக்கிறார். இன்று மெர்லின் செயலி பாட்டைக் கேட்டுப் பெயர் சொல்லிவிடுகிறது. நானும் வைத்திருக்கிறேன். ஆனால் அது சொன்ன பறவையைக் கண்ணால் தேடிப் பார்க்காமல் நோட்டில் ஏற்றுவதில்லை. செயலியும் பெயரைத்தான் முதலில் நீட்டுகிறது, பாருங்கள்.

இந்தியாவின் புகழ்பெற்ற பறவையியலாளர் சாலிம் அலியின் கதையும் ஒரு பொருந்தாத துண்டில்தான் தொடங்குகிறது. சிறுவனாக இருந்தபோது ஏர்கன்னால் ஒரு குருவியைச் சுட்டார். எடுத்துப் பார்த்தால் தொண்டையில் ஒரு மஞ்சள் கறை. 'ஏதோ ஒட்டியிருக்கிறது' என்று அவர் விட்டுவிட்டிருக்கலாம். விடவில்லை. விசாரிக்கப் போய், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் செயலாளர் மில்லர்டிடம் போய் நின்றார். அது மஞ்சள்தொண்டைக் குருவி, வேறு இனம் என்று மில்லர்ட் சொல்லி, பெட்டி பெட்டியாகப் பாடம் செய்த பறவைகளைத் திறந்து காட்டினார். பையன் அதற்கப்புறம் வேறு பக்கம் திரும்பவே இல்லை.

சரி, எல்லாம் பார்த்தும் தெரியவில்லை என்றால்? தெரியவில்லை என்றே எழுதுங்கள். பார்த்த பறவைகளைப் பதிந்து வைக்கும் ஈபேர்டு இணையதளத்திலேயே 'இதுவோ அதுவோ' என்று இரண்டு பெயரைச் சேர்த்துப் பதிய இடம் வைத்திருக்கிறார்கள். பெண் தேன்சிட்டுகளில் ஊதாப்பிட்டு சுலபம், தொண்டை மட்டும் சாம்பல் கலந்த வெள்ளை, மஞ்சள் அதற்குக் கீழேதான். ஊதாவுக்கும் லோட்டனுக்கும் தொண்டையிலிருந்தே மஞ்சள் இறங்கும். இவை இரண்டையும் பிரிக்க அலகின் நீளம்தான் சிறந்த வழி.

இன்று காலை ஒன்று வந்தது. தொண்டையிலேயே மஞ்சள். அலகைப் பார்க்கலாம் என்று பைனாகுலரைத் தூக்கினால் நேராக என்னைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறது. எதிரே நீட்டிய மூக்கில் நீளம் எப்படித் தெரியும்? பக்கவாட்டில் திரும்பும் என்று காத்திருந்தேன். திரும்பாமலே பறந்து போய்விட்டது. நோட்டில் இப்போது இருப்பது இதுதான்: 'பெண் தேன்சிட்டு 1. ஊதா அல்லது லோட்டன்.'