அரைவேக்காட்டு முட்டையில் அறுபடாதது எது?

எல்லாருக்கும் காலை வணக்கம். உங்களில் பாதிப் பேர் கீழே காப்பிக்கடையில் காயா (தேங்காய்ப்பால், முட்டை ஜாம்) தடவிய ரொட்டியும் அரைவேக்காட்டு முட்டையும் சாப்பிட்டுவிட்டுத்தான் மேலே வந்திருப்பீர்கள். சரி, அந்தத் தட்டிலிருந்தே தொடங்குவோம்.

முட்டையின் வெள்ளைக்கரு பச்சையாக இருக்கும்போது ஒளி ஊடுருவும். சூடு பட்டதும் வெளுத்துக் கெட்டியாகிறது. புரதம் உடைந்துவிட்டது என்பார்கள். இல்லை, உடையவில்லை.

புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. முக்கியமாக 20 வகை அமிலங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் அமினோ தொகுதி, இன்னொரு பக்கம் கார்பாக்சில் தொகுதி. ஒன்றின் கார்பாக்சில் அடுத்ததன் அமினோவோடு சேரும்போது ஒரு நீர் மூலக்கூறு கழன்று போகிறது. கார்பனும் நைட்ரஜனும் இணைகின்றன. இதுதான் பெப்டைடு பிணைப்பு. வெள்ளைக்கருவில் அதிகமாக உள்ள ஓவல்புமினில் 385 அமிலங்கள். அப்படியானால் 384 பிணைப்புகள்.

செல்லுக்குள் இந்தக் கோக்கும் வேலையைச் செய்வது ரைபோசோம். அதன் அமைப்பைக் கண்டதற்காக 2009இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவர் சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன். நம்மவர் என்பதற்காக எல்லாவற்றையும் அவர் கணக்கில் எழுதிவிட வேண்டாம்: ரைபோசோமுக்கு இரண்டு துண்டுகள், அதாவது துணையலகுகள். அவர் குழு ஆராய்ந்தது சிறிய துணையலகு. பிணைப்பு உருவாகும் இடம் பெரிய துணையலகில் இருக்கிறது. அதைத் தெளிவாகக் காட்டியது தாமஸ் ஸ்டைட்ஸ் குழு. அங்கே வேதிவினையை நடத்துவது ஆர்என்ஏ என்ற வேறு வகை மூலக்கூறு! புரதத்தைக் கோப்பது புரதம் அல்ல.

இப்போது முட்டைக்கு வருவோம். சங்கிலி மடிந்து ஒரு வடிவத்தில் நிற்பதற்குப் பெரும்பாலும் வலுக்குறைந்த பிணைப்புகளே காரணம். வெந்நீர் குலைப்பது அவற்றைத்தான். மடிப்பு அவிழ்ந்த சங்கிலிகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்வதால் வெளுப்பு. பெப்டைடு பிணைப்போ அசையாது. நொதி (வேதிவினையை விரைவாக்கும் புரதம்) எதுவும் தொடாமல் சாதாரண நீரில் விட்டால், அது தானாக அறுபட நூற்றுக்கணக்கான ஆண்டுகள் ஆகும்.

அறுபட்ட புரதமும் அதே தட்டில் இருந்தது. நீங்கள் முட்டைமேல் ஊற்றிய சோயா சாஸ்! மரபான முறையில் அஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சையின் நொதிகள் மாதக்கணக்கில் சோயாப் புரதத்தை வெட்டுகின்றன. ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு நீர் மூலக்கூறு உள்ளே போகிறது. கோக்கும்போது கழன்றதே திரும்பி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படி விடுபடும் குளூட்டமிக் அமிலம்தான் அந்தச் சுவைக்கு முக்கியக் காரணம்.

முட்டைச் சங்கிலியை வெட்டுவது உங்கள் வயிற்றின் பெப்சினும், அப்புறம் சிறுகுடலில் டிரிப்சினும் ஆகிய நொதிகள். மடிப்பு அவிழ்ந்திருந்தால் அவற்றுக்கு வேலை சுலபம். அதனால் உடற்பயிற்சிக்கூடத்தில் பச்சை முட்டையை அப்படியே குடிக்கும் தம்பிகளே, வேகவைத்துச் சாப்பிட்டால் புரதம் இன்னும் நன்றாகச் செரிக்கும்.