கொருக்குப்பேட்டை கேட்டும் அத்தையின் குரலும்

நடுவர் அவர்களே, இரு அணி நண்பர்களே, தண்டையார்பேட்டை மக்களே, வணக்கம். மிச்ச வணக்கத்தையெல்லாம் எனக்கு முன்னால் பேசியவர்களே சொல்லித் தீர்த்துவிட்டார்கள்.

'பாலியல் குற்றங்களுக்கு வேர் ஆசையா, அதிகாரமா?' அதிகாரமே என்பது எங்கள் அணி. அமெரிக்காவில் நிக்கோலஸ் குரோத் என்ற உளவியலாளர் 500-க்கும் மேற்பட்ட குற்றவாளிகளை ஆராய்ந்து, இதில் காமம் வெறும் கருவி, அடக்கி ஆள்வதும் ஆத்திரமும்தான் உள்ளே இருப்பது என்று 1979-லேயே சொல்லிவிட்டதை எங்கள் அணித் தலைவர் விளக்கிவிட்டார். நான் அதற்குள் போகவில்லை. எதிரணி அண்ணனிடம் எனக்கு ஒரு பாக்கி இருக்கிறது.

அண்ணன் என்ன சொன்னார்? "வடசென்னைப் பொண்ணு ஒரு சத்தம் போட்டா ஹார்பர்ல நிக்கிற கப்பல் நங்கூரத்தைத் தூக்கிடும். அப்படிப்பட்டவ வாயே திறக்கலைன்னா அது சம்மதம் இல்லாம வேற என்ன?" என்றார். நீங்களும் விசில் அடித்தீர்கள். பொய் சொல்வானேன், நானும் சிரித்துவிட்டேன். ஏனென்றால் அந்தக் குரல் எங்கள் வீட்டிலேயே இருந்தது. என் அத்தை. எந்த அத்தை என்று தேடாதீர்கள், எனக்கு நான்கு பேர்.

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடினால் ஒரு தூக்கம் போட்டு எழுந்திருக்கலாம், உங்களுக்கே தெரியும். ஒரு கோடையில் மூன்று நாளாகத் தண்ணீர் இல்லை. வந்த லாரியும் கேட்டுக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டது. இந்தப் பக்கம் எங்கள் தெருவே குடத்தோடு நிற்கிறது. நடுவில் கூட்ஸ் வண்டி ஊர்கிறது. டிரைவருக்குப் பொறுமை போய்விட்டது. வேகனுக்கும் வேகனுக்கும் இடையில் பார்த்தால், லாரியின் முன் டயர் மெதுவாகத் திரும்புகிறது.

அத்தை இடுப்புக் குடத்தைக் கீழே வைத்தார். முந்தானையை இழுத்துச் செருகினார். "டேய் லாரி! திருப்பின, மவனே, டேங்கர் மேல ஏறிக் குந்திக்குவேன்!"

டயர் நின்றது. கூட்ஸ் சத்தத்தைத் தாண்டிப் போய் விழுந்த குரல் ஐயா அது! கூட்ஸ் டிரைவரும் மிரண்டு ஒரு ஹாரன் கொடுத்தார் என்பது மாமா சேர்த்தது. மாமா சொல்லும்போது நாற்பது வேகன். பக்கத்து வீட்டு ஆயா சொல்லும்போது ஐம்பது. நான் பள்ளிக்கூடத்தில் சொன்னபோது ஐம்பத்தைந்து, மேலே நிலக்கரி வேறு. அன்றிலிருந்து கேட்கீப்பர் அத்தையைப் பார்த்தால் எழுந்து நிற்பாராம். இது அத்தையே சொன்னது, நம்பித்தான் ஆகவேண்டும்.

இந்த அத்தைதான், அண்ணே, வாய் திறக்கவில்லை.

மாமா போன பிறகு ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போனார். அங்கே சூப்பர்வைசர் கையில் ஒரு நீள நோட்டு. யாருக்கு ஓ.டி., யாருக்கு லீவு, யாருடைய பீஸ் ரிஜெக்ட், எல்லாம் அதில். மகளின் காலேஜ் ஃபீசுக்கு அத்தை வாங்கிய அட்வான்சும் அதில்தான். அத்தையைவிடப் பத்து வயது சின்னவன். ஒரு நாள் ஓ.டி. முடிந்து ஆள் குறைந்த நேரம், ஸ்டோர் ரூமுக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினான்.

"கத்தணும்னுதான் நெனச்சேன். நாக்கு மேல போய் ஒட்டிக்கிச்சு. கை கால் என்னுதே இல்ல" என்றார் பிற்பாடு.

எங்கள் அத்தை மட்டும் சொன்னதல்ல இது. ஸ்டாக்ஹோமில், வன்கொடுமைக்குப் பின் அவசர சிகிச்சைக்கு வந்த 298 பெண்களிடம் கேட்டு 2017-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். நூற்றுக்கு 70 பேருக்கு அந்த நேரத்தில் உடம்பு குறிப்பிடத்தக்க அளவில் மரத்துப்போயிருக்கிறது. அவர்கள் வடசென்னையும் இல்லை, வாயாடிகளா என்பதும் தெரியாது.

அண்ணன் கேட்ட கேள்வியை உச்ச நீதிமன்றமே ஒரு காலத்தில் கேட்டது. 1972-இல் மகாராஷ்டிரத்தில், காவல் நிலையத்துக்குள் மதுரா என்ற இளம்பெண்ணுக்கு நடந்த வன்கொடுமை வழக்கு. உடம்பில் காயமில்லை, எதிர்த்தேன் என்றது பொய் என்று இரண்டு காவலர்களை விட்டுவிட்டார்கள். 1979-இல் நான்கு சட்டப் பேராசிரியர்கள் நீதிமன்றத்துக்கே பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். ஊர் ஊராகப் பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். 1983-இல் சட்டம் மாறியது: காவலில் இருப்பவளிடம் உறவு நடந்தது நிரூபணமாகி, சம்மதிக்கவில்லை என்று அவள் சொன்னால், நீதிமன்றம் அதையே எடுத்துக்கொள்ள வேண்டும். சாவிக்கொத்து எவன் இடுப்பில் இருக்கிறது என்று முதலில் பார் என்பதுதானே இது? நோட்டுக்கும் அதே கணக்குத்தான், அண்ணே.

புகார் கொடுக்க வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். 10 பேர் வேலை பார்த்தாலே கம்பெனியில் புகார்க் குழு இருக்க வேண்டும் என்கிறது 2013 சட்டம். கெடு மூன்று மாதம், காரணம் சொன்னால் இன்னும் மூன்று. அத்தை வேலையை விட்டுவிட்டு எங்களிடம் வாய் திறந்தது ஏழாவது மாதம்.

அந்த ஏழு மாதத்தில் ஒரு காலை எனக்கு மறக்காது. குழாயடியில் எவளோ ஒருத்தி அத்தையின் பச்சைக் குடத்தைக் காலால் தள்ளிவிட்டுத் தன் குடத்தை வைத்தாள். தெருவே திரும்பிப் பார்த்தது, இப்போது வெடிக்கப்போகிறது என்று. அத்தை குனிந்தார். குடத்தை எடுத்தார். வரிசையின் கடைசியில் போய் நின்றார். அன்று எங்கள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. ஏன் என்று எங்களுக்கே தெரியாது.

மணியில் கை வைத்துவிட்டீர்கள், ஐயா, முடிக்கிறேன். இங்கே கிளம்பும் முன் அத்தையிடம் போய், உன் கதையைச் சொல்லட்டுமா என்று கேட்டேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். ரொம்ப நேரம் முறத்தையே பார்த்தார். அப்புறம் சொன்னார்: "சொல்லு. பேரு வாணாம். ஆனா லாரிக் கதைல மட்டும் கொறைக்காத. அறுவது வேகன்."

அறுபது வேகன், நடுவர் அவர்களே.