கரண்டி ஒட்டுகிறது, காந்தம் எங்கே?

வணக்கம் மக்களே. மேசையில் இருப்பதெல்லாம் உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக இன்றைக்குக் கேமராவைக் கொஞ்சம் தள்ளி வைத்திருக்கிறேன். ஐந்து எவர்சில்வர் கரண்டி, ஒரு ரூபாய் நாணயம், மஞ்சள் நிற ஐந்து ரூபாய் நாணயம், பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம், பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் சின்னத் திசைகாட்டி, ஒரு டப்பா முகப்பவுடர். தன் உடம்பில் காந்த சக்தி இருக்கிறது என்று யார் சொன்னாலும், சோதித்துப் பார்க்க இவ்வளவு போதும்.

இதைப் பற்றிப் பேச வேண்டும் என்று 2021 ஜூன் மாதத்திலிருந்தே நினைத்துக்கொண்டிருக்கிறேன். கொரோனா தடுப்பூசி போட்ட பிறகு உடம்பில் கரண்டியும் நாணயமும் ஒட்டுவதாக அப்போது நாசிக்கிலிருந்து ஒரு முதியவரின் வீடியோ வந்தது. இரண்டு நாளில் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கும் அது வந்து சேர்ந்துவிட்டது. அது பொய் என்று மத்திய அரசின் செய்திப் பிரிவான பிஐபி மறுப்பு வெளியிட்டது. ஆனால் வீடியோ போன வேகத்தில் மறுப்பு போகவில்லை. பெரியப்பா அப்போது முதல் டோஸ் போட்டிருந்தார். சட்டையைக் கழற்றிவிட்டு, தோளில் ஒரு நாணயத்தை வைத்து அழுத்தினார். ஒட்டிக்கொண்டது. "பாத்தியாம்மா? எனக்கு ரெண்டாவது ஊசி வேண்டவே வேண்டாம்" என்றார். அவர் முகத்தில் இருந்தது பயம். எனக்கும் பயம்தான், வேறு காரணத்துக்காக. அவருக்குச் சர்க்கரை நோய் உண்டு. இரண்டாவது அலையில் எங்கள் தெருவிலேயே இரண்டு பேரை இழந்திருந்தோம்.

நாணயம் ஒட்டியது உண்மை. அதை முதலில் ஒத்துக்கொள்ள வேண்டும். நாம் சோதிக்க வேண்டியது, ஒட்டியதற்குக் காந்தம்தான் காரணமா என்பதை.

சரி, பாருங்கள். இந்தக் காந்தத்தைக் கரண்டிகள் மேல் வைக்கிறேன். இரண்டில் பிடித்துக்கொள்கிறது, மூன்றில் பிடிக்கவே இல்லை. நம் வீட்டு எவர்சில்வர் பலவற்றில் இப்படித்தான். இரும்போடு குரோமியமும் நிக்கலும் சேரும் விதத்தைப் பொறுத்து, சில ரகங்களைக் காந்தம் இழுக்காது. மஞ்சள் ஐந்து ரூபாய் நாணயம் செம்பு, துத்தநாகம், நிக்கல் கலந்தது. அதையும் இழுக்காது. ஒரு ரூபாய் நாணயத்தை மட்டும் டக்கென்று இழுக்கிறது.

இப்போது காந்தம் தொட மறுத்த கரண்டியை என் நெற்றியில் வைக்கிறேன். தலையைக் கொஞ்சம் பின்னால் சாய்க்கிறேன். ஒட்டியிருக்கிறது, பார்த்தீர்களா? ஐந்து ரூபாயும் ஒட்டுகிறது. நிஜக் காந்தத்தால் இழுக்க முடியாத பொருள் என் தோலில் நிற்கிறது. அப்படியென்றால் பிடித்து வைத்திருப்பது வேறு ஏதோ ஒன்று. தோலில் ஊறும் எண்ணெய்ப் பசை, வியர்வை ஈரம், தோலின் உராய்வு, அப்புறம் அந்தச் சின்னச் சாய்வு. வழவழப்பான, அகலமான பொருள் என்றால் இன்னும் நன்றாக நிற்கும். கரண்டி, தட்டு, போன், சில பேருக்குக் கண்ணாடித் தட்டுகூட.

மலேசியாவில் லியூ தோ லின் என்று ஒருவர் இருந்தார். 2013இல் காலமானார். ஊரெல்லாம் அவரைக் காந்த மனிதர் என்றே சொல்வார்கள். கனமான இரும்புப் பொருள்களை நெஞ்சிலும் வயிற்றிலும் ஒட்டவைப்பார், மொத்தம் 36 கிலோ வரை. வயிற்றில் ஒட்டிய இரும்புத் தகட்டோடு சங்கிலி கட்டி ஒரு காரையே இழுத்திருக்கிறார். மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அவரைச் சோதித்தபோது, உடம்பில் காந்தப்புலம் எதுவும் இல்லை. அவருடைய தோலுக்கு அசாதாரணமான உராய்வும் பற்றும் இருந்தன. எனக்கு இது ஏமாற்றமாகத் தோன்றவில்லை. அவர் செய்ததை நம்மில் யாராலும் செய்ய முடியாது. திறமை நிஜம், அதற்குச் சொன்ன காரணம்தான் தவறு. கின்னஸ் புத்தகத்திலும் 2021இல் ஈரானைச் சேர்ந்த ஒருவர் 85 கரண்டிகளை உடம்பில் நிறுத்தியது சாதனையாகப் பதிவானது. அந்தப் பிரிவின் பெயரே, உடம்பில் சமநிலையாக நிறுத்திய கரண்டிகள் என்றுதான் இருக்கிறது. காந்தம் என்ற பேச்சே இல்லை.

இப்போது திசைகாட்டி. இந்த முள்ளைத் திருப்பிவைப்பது பூமியின் காந்தப்புலம். நம் பக்கத்தில் அது சுமார் 40 மைக்ரோடெஸ்லா. டெஸ்லா என்பது காந்தப்புலத்தை அளக்கும் அலகு, அதில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் மைக்ரோடெஸ்லா. அவ்வளவு மெல்லிய புலத்துக்கே முள் கட்டுப்படுகிறது. ஸ்பீக்கர் காந்தத்தை ஒரு சாண் தள்ளிக் கொண்டுவருகிறேன், முள் ஆடிவிட்டது. ஒரு கரண்டியைத் தாங்கும் காந்தம் நெற்றியில் இருந்தால் இந்த முள் சும்மா இருக்காது. இதோ, நெற்றிக்குப் பக்கத்தில். அசையவில்லை.

"ரத்தத்தில் இரும்பு இருக்கிறதே அக்கா" என்று நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். நல்ல கேள்வி. உடம்பு முழுவதும் சேர்த்தால் நான்கு கிராம் அளவுக்கு இருக்கும், பெரும்பகுதி ரத்தச் சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபின் என்ற புரதத்தில். ஆனால் அந்த அணுக்கள் தனித்தனி மூலக்கூறுகளுக்குள் பிரிந்து கிடக்கின்றன. ஆணியில் இருப்பதுபோல் கூட்டாகச் சேர்ந்து ஒரே திசையில் அணிவகுப்பதில்லை. பெரிய காந்தத்தை வைத்து உடம்பை ஸ்கேன் எடுக்கும் எம்ஆர்ஐ இயந்திரத்தில் புலம் 1.5 டெஸ்லா, 3 டெஸ்லா என்று இருக்கும். 1.5 என்றாலே பூமியின் புலத்தைப்போல முப்பதாயிரம் மடங்குக்கு மேல். ரத்தம் ஆணிபோல் நடந்துகொண்டால் யாரும் அதற்குள் படுக்க முடியாது. ஊசி மருந்தோ வெறும் அரை மில்லிலிட்டர், அதில் காந்தத்தன்மையுள்ள உலோகம் எதுவும் இல்லை.

நம் உடம்பில் காந்தப்புலமே இல்லை என்று சொல்லவில்லை. இதயத்தின் மின்னோட்டத்தால் ஒரு புலம் உண்டாகிறது. 1963இல் அமெரிக்காவில் பவுலே, மெக்ஃபீ என்ற இருவர் லட்சக்கணக்கான சுற்றுகள் கொண்ட கம்பிச்சுருள்களை நெஞ்சருகே வைத்து முதன்முதலில் அதை அளந்தார்கள். பூமியின் புலத்தில் ஏறத்தாழ பத்து லட்சத்தில் ஒரு பங்குதான். கரண்டியை விடுங்கள், ஒரு குண்டூசியைக்கூட அது அசைக்காது. ஆனாலும் ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு காந்த அலை நம்மிடமிருந்து கிளம்புகிறது என்று நினைத்தாலே எனக்குச் சிலிர்க்கிறது.

கடைசியாகப் பவுடர். தோலின் எண்ணெய்ப் பசையையும் ஈரத்தையும் அது உறிஞ்சிவிடும், காந்தத்தை ஒன்றும் செய்யாது. பெரியப்பாவிடம் நான் செய்தது இதைத்தான். சோதனைக்கு முன்னாலேயே அவரிடம் கேட்டேன்: "பெரியப்பா, காந்தம்னா பவுடர் போட்டாலும் இழுக்கணும் இல்லையா?" ஸ்பீக்கர் காந்தத்தின் மேல் பவுடர் தூவி நாணயத்தை வைத்துக் காட்டினேன். இழுத்தது. "ஆமா, இழுக்கணும்" என்றார். முன்னாலேயே அவர் வாயால் ஒத்துக்கொள்வது ரொம்ப முக்கியம். இல்லாவிட்டால் பிறகு ஏதாவது சமாதானம் தோன்றும், அது மனித இயல்பு. டப்பாவை அவர் கையிலேயே கொடுத்தேன். தோளைத் துடைத்து, பவுடர் பூசி, அதே நாணயத்தை வைத்தார். விழுந்து கட்டிலுக்கு அடியில் உருண்டது. குனிந்து எடுத்து மறுபடி வைத்தார். மூன்று தடவை. நான் ஒன்றுமே பேசவில்லை.

இரண்டு டோஸுக்கும் நடுவில் அப்போது விட வேண்டியிருந்த 84 நாள் முடிந்ததும் இரண்டாவது டோஸ் போட்டுக்கொண்டார். அதற்கு முன்பே, பவுடர் டப்பாவோடு எதிர்வீட்டு மாமாவிடம் காட்டப் போய்விட்டார்.

உங்களுக்குத் தெரிந்தவர் யாருக்காவது பவுடர் பூசிய பிறகும் கரண்டி ஒட்டினால் கமெண்டில் சொல்லுங்கள். திசைகாட்டியோடு நானே நேரில் வருகிறேன்.