புது காருக்கு கோட்டிங் தேவையா?

நேயர்களுக்கு வணக்கம்.

புது கார் எடுக்கும் வீட்டில் எல்லாவற்றையும் பேசி முடித்திருப்பார்கள். பெட்ரோலா சிஎன்ஜியா, என்ன கலர், யார் பெயரில் பதிவு, எந்தக் கோயிலில் பூஜை என்று ஒன்று விடாமல். கடைசியில் கையெழுத்துப் போட உட்காரும்போது ஷோரூம் பையன் இன்னொரு தாளை எடுத்து வைப்பான். "சார், பெயிண்ட் புரொடெக்‌ஷன் போட்டுடலாமா? போடலைன்னா ரெண்டு வருஷத்துல பளபளப்பு போயிடும்." 10 லட்சம் ரூபாய்க்கு வண்டி எடுப்பவருக்கு அந்த நிமிடத்தில் 25,000 ரூபாய் பெரிதாகத் தெரியாது. "சரி, போட்டுடுங்க" என்று சொல்லிவிடுவார்.

அந்தத் தாளைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். நான் டிங்கரிங், பெயிண்டிங் பட்டறை நடத்துகிறேன். கோட்டிங் போடும் வேலையும் என் பட்டறையில் உண்டு, அதில் எனக்கு வருமானமும் உண்டு. இதைத் தெரிந்துகொண்டே நான் சொல்வதைக் கேளுங்கள்.

புது கார் பெயிண்ட் இல்லாமல் வருவதில்லை. கேட்டால் சிரிப்பீர்கள், ஆனால் அந்தத் தாளில் கையெழுத்துப் போடுகிற பலர் இதை மறந்துவிடுகிறார்கள். சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்திலோ இருங்காட்டுக்கோட்டையிலோ தயாராகும் காரின் உடல் முதலில் பாஸ்பேட் கரைசலில் குளித்து எழும். அடுத்து ஒரு பெரிய தொட்டியில் முழுதாக முங்கும். அதில் மின்சாரம் பாய்ச்சுவார்கள். கதவுக்குள்ளே, தூணுக்குள்ளே, கை நுழையாத சந்திலெல்லாம் பெயிண்ட் போய் ஒட்டிக்கொள்ளும். அதை 160 டிகிரிக்கு மேல் சூடான அடுப்பில் வேகவைப்பார்கள். துருவைத் தடுக்கிற பூச்சு அதுதான். அதன் மேல் பிரைமர், பிரைமர் மேல் கலர், கலருக்கு மேல் கிளியர்கோட் என்கிற நிறமில்லாத பளபளப்புப் பூச்சு. எல்லாம் சேர்த்து 100 முதல் 130 மைக்ரான் வரை இருக்கும். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. கிளியர்கோட் மட்டும் 40, 50 மைக்ரான். தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு, ஆனால் வெயிலைத் தாங்குவதற்கென்றே புற ஊதாக் கதிரை உறிஞ்சும் வேதிப்பொருட்களை அதில் கலந்திருக்கிறார்கள்.

அப்படியானால் "வெளுத்துப் போயிடும்" என்ற பயம் எங்கிருந்து வந்தது? பழைய கார்களிலிருந்து. அம்பாசிடர், பத்மினி காலத்தில் கலரும் பளபளப்பும் ஒரே பூச்சுதான், மேலே கிளியர்கோட் கிடையாது. சிவப்பு வண்டி நாலைந்து கோடையில் ரோஸ் கலருக்கு வந்துவிடும். பாலிஷ் போட்டுத் துடைத்தால் துணியிலேயே கலர் ஏறும். அப்பா காலத்து வண்டிக்கு மாதம் ஒரு முறை மெழுகு பூசியது நியாயம். அந்த நியாயத்தை இன்றைய வண்டிக்கும் சொல்லித்தான் விற்கிறார்கள்.

சரி, அந்தத் தாளில் என்னதான் விற்கிறார்கள்? பெயிண்ட் புரொடெக்‌ஷன் என்ற ஒரே பெயரில் மூன்று தனித்தனிச் சரக்கு இருக்கிறது. ஒன்று டெப்லான் கோட்டிங். சில ஆயிரம் ரூபாய். இதை நான் பாலிஷ் என்று மட்டும்தான் சொல்வேன். டெப்லான் தோசைக்கல்லில் ஒட்ட வேண்டுமென்றால் 300 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். உங்கள் காரை அந்தச் சூட்டில் வைத்தால் கார் இருக்காது. ஸ்பாஞ்சால் தேய்த்த திரவம் சில மாதம் பளபளக்கும், அப்புறம் ஷாம்பு போட்டுக் கழுவக் கழுவப் போய்விடும்.

இரண்டாவது செராமிக். இது பொய்ச் சரக்கு இல்லை. சிலிக்கா சார்ந்த திரவம் கிளியர்கோட் மேல் ஒட்டி, காய்ந்து, ஒன்றிரண்டு மைக்ரான் தடிமனில் கெட்டியான படலமாக நிற்கிறது. தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடும், அழுக்கு சுலபமாகக் கழுவப்படும், கலர் ஆழமாகத் தெரியும். நல்ல சரக்கை ஒழுங்காகப் போட்டால் இரண்டு, மூன்று வருஷம் நிற்கும். பிரச்சினை, அதைப் பற்றிச் சொல்கிற கதையில் இருக்கிறது.

"9ஹெச் கடினம் சார், கீறலே விழாது" என்பார்கள். இந்த 9ஹெச் என்ன தெரியுமா? பென்சில். பெயிண்ட் தொழிலில் கடினத்தைப் பார்க்க ஒரு பழைய சோதனை உண்டு. பூச்சு பூசிய தகட்டின் மேல் பென்சிலை 45 டிகிரி சாய்த்து அழுத்தித் தள்ளுவார்கள். ஹெச்பி, 2ஹெச், 4ஹெச் என்று ஏறிக்கொண்டே போவார்கள். எந்தப் பென்சில் வரைக்கும் கீறல் விழவில்லையோ அது அந்தப் பூச்சின் எண். வரைபடம் போடுகிறவர்கள் வைத்திருக்கும் பென்சில் வரிசையில் கடைசிக் கடினம் 9ஹெச். ஆனாலும் அது பென்சில்தானே. உள்ளே இருப்பது கிராபைட்டும் களிமண்ணும். உங்கள் காரின் மேல் படிகிற தெருப்புழுதியில் இருப்பது மணல், அதாவது குவார்ட்ஸ். கண்ணாடியையே கீறும். பென்சில் கீறாத படலத்தை மணல் கீறாது என்று யாரும் சோதித்துச் சொல்லவில்லை. சாவியால் இழுத்தாலும் கீறும், பைக்கில் வருகிறவர் இடித்தாலும் கீறும்.

மூன்றாவது பிபிஎஃப், அதாவது பெயிண்ட் புரொடெக்‌ஷன் ஃபிலிம். பெயிண்ட் மேல் ஒட்டுகிற ஒளி ஊடுருவும் மெல்லிய தாள். பாலியூரித்தேன் பிளாஸ்டிக், 150 முதல் 200 மைக்ரான் வரை தடிமன். கல் தெறித்தால் உண்மையில் தாங்குவது இது ஒன்றுதான். லேசான கீறல் விழுந்தால் வெயில் சூட்டில் தானே ஆறிவிடும். விலையும் அதற்கேற்ற மாதிரி. வண்டி முழுக்க ஒட்டினால் லட்சத்தை நெருங்கும், பெரிய வண்டி என்றால் தாண்டும். மலிவாகக் கிடைப்பது பிவிசி ஃபிலிமாக இருக்கும், அது நாளாக ஆக மஞ்சளடிக்கும். என்ன பிளாஸ்டிக் என்று கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். வண்டியின் பளபளப்பைக் கெடுப்பது வெயிலா? பட்டறைக்கு வருகிற வண்டிகளைப் பார்த்துச் சொல்கிறேன், பெரும்பாலும் துணிதான்.

அபார்ட்மென்ட்டில் விடியற்காலை நடப்பதை ஒரு நாள் கீழே இறங்கிப் பாருங்கள். மாதச் சம்பளத்துக்குக் கார் துடைக்கிற தம்பி ஒரு பக்கெட் தண்ணீரோடு வருவார். முதல் வண்டி, இரண்டாவது வண்டி, ஐந்தாவது வண்டி என்று போகும். அதே பக்கெட், அதே துணி. உங்கள் வண்டிக்கு வரும்போது அந்தத் தண்ணீர் டீ கலரில் இருக்கும். அந்த ஈரத்துணியால் இரவெல்லாம் படிந்த புழுதியை பானட்டில் வட்டமாகத் தேய்ப்பார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, ஒரு வண்டிக்கு அவருக்குக் கிடைப்பது ஐந்து நிமிடம். இது வருஷத்தில் முந்நூறு நாள் நடக்கிறது. பிறகு பெட்ரோல் பங்க்கில் ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் பானட்டைப் பார்த்தால் சிலந்தி வலை மாதிரி நுண்ணிய வட்டக் கோடுகள். கறுப்பு வண்டி என்றால் சொல்லவே வேண்டாம்.

செராமிக் போட்ட வண்டிக்கும் இதே துணிதான், இதே கோடுகள்தான். படலம் ஒன்றிரண்டு மைக்ரான், எத்தனை நாள் தாங்கும்?

தண்ணீரும் ஒரு விஷயம். போர் தண்ணீரில் கழுவினால் உப்பு இருக்கும். கோட்டிங் போட்ட வண்டியில் தண்ணீர் முத்தாக நிற்கிறதே, அந்த முத்து வெயிலில் காய்ந்தால் ஒவ்வொன்றும் ஒரு வெள்ளை வட்டத்தை விட்டுவிட்டுப் போகும். கோட்டிங் இல்லாத வண்டியில் தண்ணீர் பரவி ஓடிவிடும், கறை லேசாகப் படியும். கோட்டிங் போட்ட வண்டியில் புள்ளி புள்ளியாகத் தெரியும். "25,000 கொடுத்து முன்னைவிட மோசமாயிடுச்சே" என்று வருகிறவர்கள் இப்படி உப்புத் தண்ணீரில் கழுவுகிறவர்கள்தான். கழுவியவுடன் நல்ல மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுத்தால் போதும், இந்தக் கறை வராது.

காக்கை எச்சமும் அப்படித்தான். அதில் யூரிக் அமிலம் இருக்கிறது. அதோடு வெயிலில் கிளியர்கோட் இளகும், எச்சம் இறுகும். மாலையில் பெயிண்ட் குளிரும்போது எச்சத்தின் சொரசொரப்பு அப்படியே அச்சாகிவிடும். கோட்டிங் இருந்தால் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும், அவ்வளவுதான். பார்த்தவுடன் தண்ணீர் ஊற்றி ஊறவைத்து எடுக்க வேண்டும். காய்ந்ததைச் சுரண்டக்கூடாது.

சொல்லக் கூச்சமாக இருந்தாலும் சொல்கிறேன், பூஜையும் இதில் சேரும். சந்தனம், குங்குமம் வைப்பது நம் வழக்கம், வைக்கட்டும். ஆனால் டெலிவரி அன்று பானட்டில் வைத்த பொட்டு ஆயுத பூஜை வரைக்கும் இருக்க வேண்டும் என்று சாஸ்திரம் எதுவும் இல்லை. அன்று மாலையே ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். பூமாலை கட்டுகிற கம்பி முனை பெயிண்டில் உரசாமல் பாருங்கள். இல்லாவிட்டால் பொட்டைக் கண்ணாடியில் வைத்துவிடுங்கள், சாமி கோபித்துக்கொள்ளாது.

கணக்கைப் பார்ப்போம். 25,000 ரூபாய் கோட்டிங், 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 29,500. பெரும்பாலானோர் இதைத் தனியாகக் கட்டுவதில்லை, ஆன்ரோடு விலையில் சேர்த்து லோனில் போட்டுவிடுகிறார்கள். 9 சதவீத வட்டி, 5 வருஷம் என்றால் கட்டி முடிக்கும்போது 36,700 ரூபாய் ஆகியிருக்கும். கோட்டிங்கோ மூன்றாவது வருஷமே தேய்ந்திருக்கும், தவணை மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். இந்தப் பணத்தில் நாலைந்து பேனலை முழுதாக பெயிண்ட் அடித்துவிடலாம்.

"5 வருஷம் வாரண்டி" என்பார்கள். அந்தப் புத்தகத்தின் பின்பக்கத்தைப் படியுங்கள். ஆறு மாதத்துக்கோ வருஷத்துக்கோ ஒரு முறை பணம் கட்டி அவர்களிடமே பராமரிப்பு செய்திருக்க வேண்டும், ஒரு முறை தவறினால் வாரண்டி கிடையாது என்று போட்டிருக்கும். கீறல், கல் தெறிப்பு, உப்புக்கறை, பறவை எச்சம் இவற்றுக்குப் பொருந்தாது என்றும் பலவற்றில் இருக்கும். இவையெல்லாம் போக மிச்சம் என்ன இருக்கிறது என்று எனக்கும் தெரியவில்லை. பராமரிப்பு என்ற பெயரில் மெஷின் வைத்து பாலிஷ் ஓட்டுகிறார்களா என்றும் பாருங்கள். கம்பவுண்ட் என்கிற தேய்ப்புப் பசை போடும் ஒவ்வொரு முறையும் சில மைக்ரான் கிளியர்கோட் போகிறது. போனது திரும்ப வராது.

அடிப்பக்கத்துக்கு ரப்பர் மாதிரி கறுப்பாக அடிப்பதையும் இதே தாளில் சேர்த்துவிடுவார்கள். பனி நாடுகளில் குளிர்காலத்தில் ரோட்டில் உப்புக் கொட்டுவார்கள், அங்கே அதற்கு வேலை இருக்கிறது. நம் வண்டிக்கு கம்பெனியே அடிப்பக்கம் பூசித்தான் அனுப்புகிறது. தண்ணீர் வடியும் துளைகளை மூடி அடித்துவிட்டால் உள்ளே தண்ணீர் தேங்கி, வராத துரு வரும். கடலோரத்தில் இருப்பவர்கள் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரால் அவ்வப்போது பீய்ச்சிக் கழுவினாலே பாதி வேலை முடிந்தது.

அப்போ யாருக்கும் வேண்டாமா என்றால், அப்படியும் இல்லை. வாரம் இரண்டு முறை பைபாஸில் லாரிக்குப் பின்னால் ஓட்டுகிறவர் என்றால் முன் பம்பர், பானட்டின் முன் விளிம்பு, சைடு மிரர் இவற்றுக்கு மட்டும் பிபிஎஃப் ஒட்டிக்கொள்ளுங்கள். நகம் கீறுகிற கதவுக் கைப்பிடிக் குழிக்கும், சுவரில் இடிக்கும் கதவு விளிம்புக்கும் சின்னத் துண்டு போதும். கறுப்பு வண்டி வாங்கி, ஞாயிற்றுக்கிழமை தானே கழுவுவதில் சந்தோஷப்படுகிறவர் செராமிக் போடலாம். கழுவுவது சுலபமாகும், பார்க்கவும் அழகாக இருக்கும். அது அவர் ஆசைக்குச் செய்கிற செலவு, அதில் தப்பே இல்லை. வாடகைக்கு ஓடும் வண்டிக்கும், மூன்று வருஷத்தில் விற்கப்போகிற வண்டிக்கும் நான் போடச் சொல்ல மாட்டேன். பழைய கார் வாங்குகிறவர் ஓடிய கிலோமீட்டரையும் சர்வீஸ் ரெக்கார்டையும் பார்ப்பார், கோட்டிங்குக்குத் தனியாக விலை தரமாட்டார்.

போடுவதென்றாலும் ஷோரூமில் டெலிவரி நாளில் போடாதீர்கள். செராமிக் போடுவதற்கு முன் பெயிண்டில் ஒட்டிய துகள்களைக் இதற்கென்றே விற்கிற களிமண் கட்டியால் (கிளே பார்) எடுத்து, மெஷின் பாலிஷ் செய்து, எண்ணெய்ப்பசை துடைத்து, புழுதியில்லாத அறையில் வைத்துப் பூச வேண்டும். அப்புறம் காயவும் நேரம் வேண்டும். குறைந்தது ஒரு முழு நாள் வேலை. "காலையில புக் பண்ணுங்க, மதியம் ரெடி" என்றால் வேறு ஏதோ பூசுகிறார்கள். புது வண்டிகளை நிறுத்திவைக்கும் யார்டில் அழுக்குத் துணியால் துடைத்த கோடுகளும் அப்படியே படலத்துக்கு அடியில் மாட்டிக்கொள்ளும். நாலு மாதம் கழித்து வெளியே நல்ல இடத்தில் விசாரித்துப் போட்டாலும் ஒன்றும் கெட்டுப்போகாது.

"இந்தப் பேக்கேஜ் எடுத்தாத்தான் வண்டி சீக்கிரம் கிடைக்கும்" என்று எங்காவது சொன்னால் அதை எழுத்தில் கேளுங்கள். பாதிப் பேர் அங்கேயே பின்வாங்கிவிடுவார்கள். ஒரு பொருளை வாங்கினால்தான் இன்னொன்றைத் தருவேன் என்பதை 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் கட்டுப்படுத்தும் வணிக நடைமுறை என்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

வேண்டாம் என்று முடிவு செய்தவர்கள் ஷோரூமில் ஒன்று மட்டும் சொல்லிவையுங்கள்: "வண்டிக்குப் பாலிஷ் எதுவும் போட வேண்டாம், தண்ணீர் அடித்துக் கழுவி மட்டும் கொடுங்கள்." டெலிவரி எடுக்கும்போது மாலை போட்டு போட்டோ எடுப்பதற்கு முன்னால், கைபேசி டார்ச்சை அடித்து பானட்டையும் கதவுகளையும் ஒரு சுற்று பாருங்கள். கோடு, கீறல் ஏதாவது இருந்தால் டெலிவரி தாளில் எழுதச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். சாவி கைக்கு வந்த பிறகு சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

வணக்கம்.