கண்ணில் மினுமினுப்பு, தலைச்சுற்று, முகம் மரத்துப் போவது: தலவாக்கலை அக்காவின் கேள்விக்கு என் பதில்

சரி, அடுத்த கேள்விக்கு வருகிறேன். தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு அக்கா குரல் பதிவாக அனுப்பியிருக்கிறார். முழுவதையும் போட நேரமில்லை, சுருக்கமாகச் சொல்கிறேன். அவருக்கு 36 வயது, கொழுந்து பறிக்கிறார். இரண்டு வருடமாக, மாதத்துக்கு ஒரு தடவை இரண்டு தடவை, பார்வையில் இடது பக்கம் ஏதோ மினுமினுக்கத் தொடங்கி அந்தப் பக்கமே மறைந்து போகிறதாம். கொஞ்ச நேரத்தில் இடது கை விரல் மரக்கிறது, அந்த மரப்பு மெல்ல ஏறிக் கன்னத்துக்கும் உதட்டுக்கும் வருகிறது. அப்புறம் வலது பக்கத் தலை இடிக்கிறது, வாந்தி. சில நாள் தலைவலியே இல்லாமல் தலைச்சுற்று மட்டும். கண் கிளினிக்கில் கண்ணில் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள். லயத்தில் ஒருவர் பாரிசவாதம் என்கிறார், ஒருவர் பீனிசம், அதாவது சைனஸ் என்கிறார், பக்கத்து வீட்டுப் பாட்டி காத்து சேட்டை என்கிறார். "டொக்டர், எனக்குக் கை கால் இழுத்துக்கொள்ளுமா, மலைக்கு வேலைக்குப் போகலாமா" என்று கேட்கிறார். கடைசியில் மகளைப் பற்றியும் ஒரு கேள்வி இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

அக்கா, உங்களை நேரில் பார்க்காமல் இதுதான் நோய் என்று நான் முடிவு சொல்லக் கூடாது. ஆனால் நீங்கள் ஒரு பெரிய உதவி செய்திருக்கிறீர்கள். எது முதலில் வந்தது, எது பிறகு வந்தது என்று வரிசையாகச் சொல்லியிருக்கிறீர்கள். கண், பிறகு விரல், பிறகு கன்னம், பிறகு தலைவலி. இந்த வரிசை மைக்ரேன் என்கிற ஒற்றைத் தலைவலியில் வருகிற வரிசை. தலைவலிக்கு முன்னால் வருகிற இந்த அறிகுறிகளுக்கு ஓரா என்று பெயர். மைக்ரேன் உள்ளவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு, அதற்குக் கொஞ்சம் கூடவும் இருக்கலாம், இந்த ஓரா வருகிறது.

எனக்கும் வரும். முதல் தடவை வந்தது உயர்தரம் படிக்கும்போது, ஹட்டனில் ஒரு டியூஷன் வகுப்பில். கரும்பலகையில் சேர் எழுதிய ஒரு சொல்லின் நடுவில் ஓர் எழுத்து காணாமல் போனது. கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தேன், இப்போது இரண்டு எழுத்து இல்லை. கொஞ்ச நேரத்தில் அந்த இடத்தைச் சுற்றிப் பிறை மாதிரி ஒரு வளைவு, அதன் ஓரம் முழுக்க ரம்பப் பல், உடைந்த கண்ணாடி வளையல் துண்டுகளை வெயிலில் கொட்டி யாரோ ஆட்டுகிற மாதிரி மின்னிக்கொண்டே இருந்தது. கண்ணை மூடினாலும் அது போகவில்லை. அதுதான் என்னை மிகவும் பயமுறுத்தியது. அரை மணி நேரத்தில் அது பெரிதாகிப் பெரிதாகிப் பார்வையின் ஓரத்துக்குப் போய் மறைந்தது, பிறகு தலைவலி பிடித்தது. குருடாகப் போகிறேன் என்று நினைத்து வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அழுதேன். அன்றைக்கு ஒருவராவது இது என்ன என்று எனக்குச் சொல்லியிருந்தால் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். அதனால்தான் இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீட்டிப் பேசுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கண்ணை மூடினாலும் ஏன் தெரிகிறது? அது கண்ணில் நடக்கவில்லை, மூளையில் நடக்கிறது. தலையின் பின்பக்கத்தில்தான் பார்வைக்கான இடம் இருக்கிறது. அங்கே ஓர் அலை கிளம்புகிறது. அலை போகும் இடத்தில் நரம்புக் கலங்கள் முதலில் படபடவென்று துடிக்கும், அதுதான் மினுமினுப்பு. துடித்த பிறகு கொஞ்ச நேரம் ஓய்ந்து கிடக்கும், அதுதான் மறைவு. 1941இல் கார்ல் லாஷ்லி என்கிற அமெரிக்க ஆய்வாளர் தனக்கு வந்த இந்த மினுமினுப்பைத் தாளில் வரைந்து வரைந்து, அது எவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்தார். மூளையின் மேற்பரப்பில் நிமிடத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் என்று வந்தது. 1944இல் பிரேசிலைச் சேர்ந்த அரிஸ்டிடிஸ் லியாவோ முயல்களின் மூளையில் இதே மாதிரி மெல்ல நகரும் ஓர் அலையைக் கண்டுபிடித்தார். பின்னேரத்தில் கீழ் மலையிலிருந்து பனிமூட்டம் ஒவ்வொரு நிரையாக மூடிக்கொண்டு மேலே ஏறுமே, அந்த மாதிரிதான் இதுவும். ஓடி வராது, ஊர்ந்து வரும்.

அந்த அலை இன்னும் முன்னால் நகர்ந்து தொடு உணர்வுக்கான இடத்துக்குப் போனால் மரப்பு. ஏன் கை மரத்த பிறகு நேராக உதட்டுக்குத் தாவுகிறது, நடுவில் கழுத்து ஏன் மரக்கவில்லை என்று பலர் கேட்பார்கள். மூளையில் உடம்பு வரையப்பட்டிருக்கிற விதம் வேறு. அங்கே கைக்குப் பக்கத்து வீடு முகம். கைக்கும் உதட்டுக்கும் இடம் மிகப் பெரியது, அதனால் அலை விரலிலிருந்து உதட்டுக்கும் நாக்குக்கும் போவது சாதாரணமாக நடக்கிறது. வலது மூளையில் அலை போனால் அறிகுறி இடது பக்கம் வரும். உங்களுக்கு மினுமினுப்பும் மரப்பும் இடது பக்கம், தலைவலி வலது பக்கம் என்றீர்களே, அது இதோடு பொருந்திப் போகிறது.

இனி பாரிசவாதப் பயம். நியாயமான பயம்தான், இதைச் சாதாரணமாகத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. வித்தியாசம் பெரும்பாலும் வேகத்தில் இருக்கிறது. ஓரா ஊர்ந்து வரும். ஒவ்வொரு அறிகுறியும் 5 நிமிடமோ அதற்கு மேலோ எடுத்துப் பரவி, 5 முதல் 60 நிமிடத்துக்குள் தானாகப் போய்விடும். பாரிசவாதம் பெரும்பாலும் சுவிட்சை நிறுத்தின மாதிரி, ஒரே நொடியில் முகம், கை, பேச்சு எல்லாம் சேர்ந்து அடிக்கும். மின்னல், பளபளப்பு எதுவும் பொதுவாக இருக்காது, இருந்தது இல்லாமல் போகும், அவ்வளவுதான். அடுத்த தடவை வரும்போது இரண்டு காரியம் செய்யுங்கள். ஒன்று, ஃபோனில் மணியைப் பார்த்து, எது எப்போது தொடங்கியது என்று மகளிடம் சொல்லி எழுதச் சொல்லுங்கள். இன்னொன்று, ஒரு கண்ணை மூடிப் பாருங்கள், பிறகு மற்றக் கண்ணை. எந்தக் கண்ணை மூடினாலும் அதே இடது பக்கம் மறைகிறது என்றால் மூளைப் பக்க விஷயம். ஒரே ஒரு கண்ணில் மட்டும் திரை விழுந்த மாதிரி இருண்டால் அது வேறு, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இது முக்கியம், இந்த வீடியோவைப் பார்க்கிற எல்லோருக்கும் சொல்கிறேன். ஒருவருக்கு முதல் தடவையாக முகம் மரத்தாலோ பேச்சுக் குழறினாலோ, இது மைக்ரேன்தான் என்று வீட்டில் முடிவெடுக்கக் கூடாது. சிரிக்கச் சொன்னால் வாய் ஒரு பக்கம் இழுக்கிறது, இரண்டு கையையும் தூக்கச் சொன்னால் ஒன்று இறங்குகிறது, பேச்சு புரியவில்லை என்றால் உடனே 1990. அது இலவச அம்புலன்ஸ், நாடு முழுக்க ஓடுகிறது. அடைப்பைக் கரைக்கிற மருந்தை முதல் நான்கரை மணி நேரத்துக்குள்தான் கொடுக்க முடியும், அதற்கும் முன்னால் ஸ்கேன் எடுக்க வேண்டும். நம் தோட்டத்துப் பாதையில் டவுனுக்கு வருவதற்கே எவ்வளவு நேரம் போகும் என்று உங்களுக்குத் தெரியும். லொறி வரட்டும், கணக்கப்பிள்ளையிடம் சொல்லட்டும் என்று உட்கார்ந்திருக்காதீர்கள். தேத்தண்ணி கொடுக்காதீர்கள், மாத்திரை கொடுக்காதீர்கள், விழுங்க முடியாமல் புரையேறும். கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், டொக்டர் முதலில் கேட்பது அதைத்தான். ஏற்கெனவே மைக்ரேன் உள்ளவருக்கும் ஒரு மணி நேரம் தாண்டி மரப்பு நின்றால், கையில் பலமே இல்லை என்றால், இடி விழுந்த மாதிரி ஒரே நொடியில் உச்சத்துக்குப் போகிற தலைவலி வந்தால், காய்ச்சலோடு கழுத்து விறைத்தால், 50 வயதுக்குப் பிறகு முதன்முதலாக இப்படி வந்தால், கர்ப்பமாக இருக்கும்போதோ பிள்ளை பெற்ற வாரங்களிலோ வந்தால், தாமதிக்கக் கூடாது. முகம் ஒரு பக்கம் கோணிக் கண்ணை மூடவே முடியவில்லை என்றால் அது முக நரம்பு வாதமாகவும் இருக்கலாம், அதற்கும் முதல் மூன்று நாளுக்குள் மருந்து தொடங்குவது நல்லது. எது எது என்பதை டொக்டர் பார்த்துச் சொல்லட்டும்.

தலைச்சுற்றுக்கு வருகிறேன். மைக்ரேன் உள்ளவர்களுக்குத் தலைவலியே இல்லாமல் சுற்று மட்டும் வரலாம். சில நிமிடமும் இருக்கும், மூன்று நாளும் இருக்கும். வெளிச்சமும் சத்தமும் பிடிக்காது, தலையை அசைத்தால் குமட்டும். ஹட்டன் நுவரெலியா ரோட்டு வளைவில் பஸ்ஸில் போனால் வாந்தி எடுப்பவர்களில் மைக்ரேன்காரர்கள் நிறைய இருப்பார்கள். ஆனால் எல்லாச் சுற்றும் இது இல்லை. படுக்கையில் புரளும்போது மட்டும் அரை நிமிடம் வீடே சுழன்று நின்றுவிடுகிறது என்றால் அது காதுக்குள் இருக்கும் கோளாறு, தலையைத் திருப்பிச் செய்யும் ஒரு பயிற்சியிலேயே பெரும்பாலும் சரியாகும். எழுந்து நின்றால் கண் இருட்டுகிறது, படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றால் முதலில் இரத்தம் பாருங்கள். நம் தோட்டத்துப் பெண்களிடம் இரத்தச்சோகை அதிகம், அதை மைக்ரேன் என்று நினைத்து விட்டுவிடக் கூடாது.

பீனிசம் என்று சொன்னவரையும் நான் குறை சொல்ல மாட்டேன். இங்கே குளிர், எப்போதும் மூக்கடைப்பு, எந்தத் தலைவலிக்கும் சித்தாலேப தைலம் தடவி ஆவி பிடிப்பதுதான் வழக்கம். ஆனால் பீனிசத்தில் கண்ணில் ரம்பப் பல் மின்னாது.

எதனால் கிளம்புகிறது? உடம்பில் அந்த வாகு இருக்க வேண்டும், பெரும்பாலும் குடும்பத்தில் வருவது. அதன் மேல் சில விஷயங்கள் தூண்டும். என் கிளினிக்குக்கு வந்த ஓர் அம்மா, விடியற்காலை வெறும் தேத்தண்ணியோடு மலைக்குப் போய், ரொட்டியைப் பையிலேயே வைத்திருந்து பகல் நிறுவைக்குப் பிறகுதான் சாப்பிடுவார். ஒதுங்குவதற்கு இடமில்லை என்று தண்ணீரும் குடிக்க மாட்டார். அவருடைய குறிப்பைப் பார்த்தால் ஓரா வந்ததெல்லாம் பத்து, பதினொரு மணி. தலையில் கயிறு போட்டு முதுகில் கூடையைச் சுமப்பதால் கழுத்தும் இறுகிப் போயிருந்தது. காலையில் போகும் முன் பாதி ரொட்டியாவது சாப்பிடுங்கள் என்றேன், ஒரு போத்தல் தண்ணீர், கயிற்றுக்குக் கீழே மடித்த துணி. முழுக்கப் போகவில்லை, ஆனால் மாதத்துக்கு நான்கு என்றிருந்தது ஒன்றாகக் குறைந்தது. தண்ணீர் குடிக்காமல் இருப்பது அவருடைய தவறு இல்லை, மலையில் பெண்களுக்கு ஒரு கழிவறை வேண்டும் என்பதை நான் எங்கே போனாலும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். மாதவிலக்குக்கு முன்னால், தூக்கம் கெட்டால், மழை விட்டு வெயில் பளீரென்று அடித்தால் வருபவர்களும் உண்டு.

மருந்து என்றால், தலைவலி தொடங்கும்போதே போட வேண்டும், உச்சத்துக்குப் போன பிறகு போட்டால் அவ்வளவாக வேலை செய்யாது. பனடோல் இரண்டு மாத்திரை பலருக்குப் போதும். ஆனால் மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ இப்படி வலி மாத்திரை போட்டுக்கொண்டே வந்தால், அந்த மாத்திரையே தலைவலியை உண்டாக்கத் தொடங்கும். தினமும் கடையில் மாத்திரைக் கார்டு வாங்கிப் போடுபவர்களைப் பார்த்து எனக்கு வருத்தமாக இருக்கிறது. அடிக்கடி வருகிறது என்றால், வராமல் தடுக்கும் மாத்திரைகள் கிளினிக்கில் இருக்கின்றன, ப்ரோப்ரனலோல் மாதிரி. ஆஸ்துமா இருந்தால் அதை முதலிலேயே சொல்லுங்கள், அவர்களுக்கு அது கூடாது.

அக்கா, நீங்கள் கேட்காத ஒன்றையும் நான் கேட்க வேண்டும். குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரை போடுகிறீர்களா? இரண்டு ஹோர்மோன் சேர்ந்த மாத்திரையை ஓரா உள்ள பெண்கள் போடக் கூடாது என்று உலக சுகாதார அமைப்பே சொல்கிறது. ஓரா உள்ளவர்களுக்குப் பாரிசவாத ஆபத்து மற்றவர்களைவிடச் சுமார் இரண்டு மடங்கு. உங்கள் வயதில் அந்த ஆபத்து முதலிலேயே மிகவும் சிறியது, இரண்டு மடங்கானாலும் சிறியதுதான், பயந்து போகாதீர்கள். ஆனால் அந்த மாத்திரையும் சேர்ந்தால் கூடும், பிரஷரும் புகையும் சேர்ந்தால் இன்னும் கூடும். கிளினிக்கில் மிட்வைஃப் மிஸ்ஸிடம் "எனக்குக் கண்ணில் மின்னுகிற மைக்ரேன் இருக்கிறது" என்று இதே வார்த்தையில் சொல்லுங்கள், வேறு முறை கொடுப்பார். ஒரு தடவை பிரஷரும் பாருங்கள்.

மலைக்குப் போகலாம். ஆனால் மினுமினுப்பு தொடங்கினால் அந்த இடத்திலேயே கூடையை இறக்கிவிட்டு உட்காருங்கள், பாதி பார்வையோடு சரிவில் இறங்காதீர்கள், விழுந்தால்தான் உண்மையான ஆபத்து. பக்கத்து நிரையில் பறிக்கிறவரிடம் முன்பே சொல்லி வையுங்கள்.

மகளுக்கு 11 வயது, பஸ்ஸில் சுற்றுகிறது, அடிக்கடி நடு வயிறு வலித்து முகம் வெளுத்துப் போகிறது, ஒரு நாள் தூங்கினால் சரியாகிறது என்றீர்கள். பாடசாலைக்குப் போகாமல் இருக்க நடிக்கிறாள் என்று டீச்சர் சொன்னதாகவும் சொன்னீர்கள். பிள்ளை நடிக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். சின்ன வயதில் மைக்ரேன் வயிற்று வலியாகவும் வரும், அம்மாவுக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பும் அதிகம். வயிற்றில் வேறு ஒன்றும் இல்லை என்று ஒரு டொக்டர் பார்த்து உறுதி செய்யட்டும். நீங்கள் கிளினிக்குக்கு வரும் நாளில் அவளையும் கூட்டி வாருங்கள், அந்த மணி எழுதிய கொப்பியையும் மறக்காமல் கொண்டு வாருங்கள். அதுவரைக்கும் காலையில் சாப்பிடாமல் அவளைப் பஸ் ஏற்ற வேண்டாம்.