கூண்டில் சொல்லும் 'சரி'

நேயர்களுக்கு வணக்கம்.

நான் ஜூனியர் வக்கீலாக இருந்த காலத்தில் பார்த்த ஓர் அடிதடி வழக்கு. வரப்புத் தகராறு. நேரில் பார்த்த சாட்சி ஒரு வயதான அம்மா. அரசு வழக்கறிஞர் கேட்கக் கேட்க, நடந்ததைத் தெளிவாகச் சொன்னார். இதுதான் முதல் விசாரணை. அழைத்த தரப்பே கேட்பது.

அப்புறம் குறுக்கு விசாரணை. எதிர்த்தரப்பு வக்கீல், "அன்றைக்கு நீங்கள் வயல் பக்கமே போகவில்லை என்கிறேன்" என்றார். அந்த அம்மா தலையாட்டி, "சரிங்க" என்றார். 'சம்பவத்தன்று நான் வயலுக்குப் போகவில்லை என்று சொன்னால் சரிதான்' என்று பதிவாகிவிட்டது. எனக்குப் பதறிப்போனது. வீட்டில் நாம் சொல்லும் 'சரி', காதில் விழுந்தது என்பதற்கு. கூண்டில் அது ஒப்புதல். மறுப்பதானால் "சரியல்ல" என்று வாய்திறந்து சொல்ல வேண்டும். "இல்லீங்க, போனேன்" என்றாலும் போதும்.

மிச்சம் இருந்தது, அழைத்த தரப்பே மீண்டும் கேட்கும் மறு விசாரணை. குறுக்கு விசாரணையில் எழுந்த குழப்பத்தை விளக்கிக்கொள்ளத்தான் அது. புது விஷயம் கேட்க நீதிமன்ற அனுமதி வேண்டும். "நீங்கள் வயலில்தானே இருந்தீர்கள்?" என்றும் கேட்க முடியாது. பதிலைக் கேள்விக்குள்ளேயே வைத்துக் கொடுப்பதை லீடிங் கேள்வி என்பார்கள். குறுக்கு விசாரணையில் அதற்குத் தடையில்லை. சொந்தச் சாட்சியிடம் அப்படிக் கேட்டால் எதிர்த்தரப்பு ஆட்சேபிக்கும். 1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தில் இருந்த இந்த விதி, 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய சட்டத்திலும் தொடர்கிறது.

அரசு வழக்கறிஞர் நிதானமாகக் கேட்டார்: "எதற்கம்மா சரி என்றீர்கள்?"

"அவர் பேசினது கேட்டுச்சுன்னு சொன்னேன் ஐயா. நான் வயல்லதான் களை எடுத்துக்கிட்டிருந்தேன்."

அதுவும் பதிவானது. ஆனால் எல்லாச் சாட்சிக்கும் அப்படி ஒரு கேள்வி கிடைப்பதில்லை. அதனால் சாட்சி சொல்லப் போகிறவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: கேள்வி புரியாவிட்டால் திரும்பச் சொல்லச் சொல்லுங்கள், நீதிபதி அனுமதிப்பார். பதிவானதைப் படித்துக் காட்டும்போது கவனமாகக் கேளுங்கள். சொன்னது ஒன்று, எழுதியது ஒன்றாக இருந்தால் கையெழுத்துப் போடும் முன்பே சொல்லிவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.